வேர்ச்செடியை மாற்றினால் கிரீனிங் நோய் நின்றுவிடுமா?

நத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்றரை ஏக்கரில் நான்கு வருடத்துக்கு முன் 140 சாத்துக்குடிக் கன்று வைத்தார். இந்த வருடம் பதினெட்டு மரங்களில் இலை மஞ்சளடித்து, பிஞ்சு உதிர்கிறது. கன்று விற்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது கிரீனிங். இப்போது புது வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்று வந்திருக்கிறது, அதில் இந்த நோயே அண்டாது. பழசைப் பிடுங்கிவிட்டு அதை வையுங்கள்" என்றாராம். விலை சாதாரணக் கன்றைப் போல மூன்று மடங்கு. வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்காதீர்கள். வேர்ச்செடி என்பது ஒட்டுக்கன்றில் ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் செடி. கிரீனிங் என்பது எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைத் தாக்கும் தொற்றுநோய். கிரீனிங் அண்டாத வேர்ச்செடி என்று இன்றைக்கு உலகத்தில் எங்கேயும் விற்பனையில் இல்லை. வேர்ச்செடி முக்கியம்தான், அதை வேறு காரணங்களுக்காகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் இந்த நோயை நிறுத்துகிற வேலையை அது செய்யாது. ஏன் செய்யாது என்று புரிந்துகொண்டால் அடுத்த முறை யார் வந்து என்ன சொன்னாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் வாடிப்பட்டிப் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இருபத்தைந்து வருடமாக எலுமிச்சையும் சாத்துக்குடியும் வைத்திருக்கிறேன். நடுவில் பத்து வருடம் ஒட்டுக்கன்றும் கட்டியிருக்கிறேன். இந்த நோயில் முப்பதுக்கு மேல் மரம் இழந்தவன்.

முதலில் வந்திருப்பது கிரீனிங்தானா என்று பார்க்க வேண்டும். நம் மண்ணில் எலுமிச்சைக் குடும்பத்து மரங்கள் மஞ்சளடிக்கப் பல காரணங்கள் உண்டு. துத்தநாகம் போதாவிட்டால் மஞ்சளடிக்கும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து கிடைக்காமல் வெளுக்கும். வேரில் தண்ணீர் நின்றால், அடிமரத்தில் பிசின் வடிந்தால், நூற்புழு இருந்தால், எல்லாவற்றுக்கும் மரம் காட்டுகிற முதல் அறிகுறி மஞ்சள்தான். சீனாவிலேயே பல வருடங்கள் இதைச் சத்துக்குறை, தண்ணீர்க் கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். லின் குங் சியாங் என்ற விஞ்ஞானி நோயுள்ள மரத்தின் குச்சியை நல்ல மரத்தில் ஒட்டி, ஒட்டின் வழியாக நோய் போவதை 1956-ல் எழுதிக் காட்டினார். அதன் பிறகுதான் இது தொற்று என்று உறுதியாயிற்று. ஒட்டின் வழியாகப் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அது வேண்டியிருக்கும்.

சத்துக்குறையில் இலையின் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்கும். நடுநரம்புக்கு இடப்பக்கம் எப்படி வெளுத்திருக்கிறதோ வலப்பக்கமும் அப்படியே வெளுத்திருக்கும். துத்தநாகம் என்றால் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும், இலை சிறுத்தும் இருக்கும். இரும்பு என்றால் இளந்தளிர் முழுக்க வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரியும். கிரீனிங்கில் முதிர்ந்த இலையில் திட்டுத்திட்டாக மஞ்சள் படரும். ஒரு பாதியில் இருக்கும் திட்டு மறுபாதியில் அதே இடத்தில் இருக்காது. பேனாவை எடுத்து நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரில் ஒவ்வொரு வட்டம் போடுங்கள். இரண்டு வட்டத்துக்குள்ளும் நிறம் ஒன்றாக இருந்தால் சத்துக்குறை பக்கம் யோசியுங்கள். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள் என்று வந்தால், அதுவும் பத்து இலையில் ஏழு எட்டில் அப்படி வந்தால், சந்தேகம் வலுக்கிறது.

ஒரு சிக்கல் என்னவென்றால், கிரீனிங் வந்த மரத்தின் வேர் செத்துப்போவதால் துத்தநாகக் குறையும் கூடவே தெரியும். அதனால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். சந்தேகமுள்ள மரத்தில் நான்கு கிளைகளுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், அதில் பாதி அளவு நீற்றின சுண்ணாம்பு கலந்து, வடிகட்டி, புதுத் துளிரில் தெளியுங்கள். அடுத்து வரும் துளிர் பச்சையாக வந்தால் நிம்மதி. சத்து கொடுத்தும் அதே திட்டு முதிர்ந்த இலையில் திரும்ப வந்தால் நிம்மதிக்கு இடமில்லை.

பழத்தைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. காம்புப் பக்கம் பழுத்து அடிப்பக்கம் பச்சையாகவே நிற்பதால்தான் இதற்குக் கிரீனிங் என்று பெயர் வந்தது. ஆனால் நம் சமவெளிச் சூட்டில் நல்ல சாத்துக்குடியே பச்சைத் தோலோடுதான் பழுக்கும். இரவுக் குளிர் இருந்தால்தான் ஆரஞ்சு நிறம் ஏறும். தோலைப் பார்த்து முடிவு செய்தால் மதுரை மாவட்டத்தில் எல்லாத் தோட்டமும் நோய்த்தோட்டமாகிவிடும். பழத்தைக் காம்பிலிருந்து அடிவரை நெடுக்காக நறுக்குங்கள். நோய்ப் பழம் ஒருபக்கம் சப்பையாக இருக்கும், நடுத்தண்டு வளைந்திருக்கும், விதை சூம்பிக் கறுத்திருக்கும். வாயில் வைத்தால் கசக்கும். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு நான் கொண்டுபோன கூடையில் ஒரு பழத்தை வியாபாரி அறுத்து நாக்கில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கூடையை என் பக்கம் நகர்த்தினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் மரம் மரமாகப் பழத்தை அறுத்துப் பார்த்தேன். இரண்டு வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அயோடின் சோதனை ஒன்றும் இருக்கிறது. நோய் வந்த இலையில் மாவுச்சத்து வெளியேற முடியாமல் தேங்கிவிடும். மிக நைசான உப்புத்தாளால் இலையின் மேற்பரப்பை இருபது தடவை தேய்த்து, அந்தத் தாளைக் கொஞ்சம் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து அதிகம். நல்ல மரத்திலிருந்து அதே வயது இலையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பட்டை அடிபட்ட கிளையிலும் மாவுச்சத்து தேங்கும் என்பதால் இதை மட்டும் நம்பி மரத்தை வெட்டக்கூடாது. உறுதிப்படுத்துவது, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைதான். உங்களுக்கு ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி பக்கம். அங்கே பயிர் நோயியல் துறையில் இலையையும் பழத்தையும் காட்டுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும், மலைத் தோட்டக்காரர்களுக்குத் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. போவதற்கு முன் பேசி, எந்த இலை, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டால் ஒரு நடை மிச்சம்.

சரி, கிரீனிங்தான் என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்குள் என்ன நடக்கிறது? இலையில் சமைத்த சர்க்கரையை வேருக்குக் கொண்டுபோகிற குழாய்கள் பட்டையின் உள்பக்கம் ஓடுகின்றன. லிபெரிபாக்டர் என்ற பாக்டீரியா அந்தக் குழாய்க்குள் மட்டும் வாழ்கிறது. சைலிட் என்ற சிறு பூச்சி துளிரில் சாறு உறிஞ்சும்போது அதை உள்ளே விடுகிறது. நம் நாட்டில் இந்தப் பூச்சிதான் பரப்புகிறது என்று கபூரும் அவரோடு இருந்தவர்களும் 1967-லேயே நிறுவிவிட்டார்கள். குழாய் அடைபட்டால் வேருக்குச் சாப்பாடு இல்லை. மேலே இலையில் மஞ்சள் தெரிவதற்கு முன்பே கீழே சல்லிவேர்களில் ஒரு பெரும்பங்கு செத்துப்போயிருக்கும். பூச்சி கடித்த நாளிலிருந்து கண்ணுக்குத் தெரிய ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு மூன்று வருடமும் ஆகலாம்.

இதில்தான் வேர்ச்செடி பற்றிய குழப்பத்துக்கு விடை இருக்கிறது. கன்று விற்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ட்ரிஸ்டீசா என்று இன்னொரு நோய் இருக்கிறது. வைரஸ், அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பரப்புவது. 1930-களிலும் 40-களிலும் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் கோடிக்கணக்கான மரங்களை அது கொன்றது. செத்தவை பெரும்பாலும் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டியவை. அந்த வைரஸ் ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே, வேர்ச்செடியின் பட்டையில்தான் குழாய்களைச் சாகடிக்கும். அதனால் வேர்ச்செடியை மாற்றி ரங்கபூர் எலுமிச்சையில் ஒட்டினார்கள், மரம் பிழைத்தது. வேர்ச்செடியால் ஒரு பெருநோயை வென்ற கதை அது. அந்த ஞாபகத்தில்தான் கிரீனிங்குக்கும் அதே மருந்து என்று சொல்கிறார்கள். ஆனால் கிரீனிங் பாக்டீரியா மேலே இருக்கும் சாத்துக்குடிக் கிளையின் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. கீழே எந்த வேர் இருந்தாலும் பூச்சி கடிப்பது மேலே, அடைபடுவதும் மேலே. அமெரிக்காவில் யு.எஸ்.-942 போன்ற சில கலப்பு வேர்ச்செடிகளில் நோய் வந்த மரம் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் காய்க்கிறது. அதுவும் நோய் வந்த பிறகு தாங்குவதுதான். நோய் வராமல் இருப்பதில்லை.

ஃபுளோரிடாவில் சைலிட் பூச்சி 1998-ல் தென்பட்டது, நோய் 2005-ல். 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், 2022-23-ல் 1.6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. புயலும் சேர்ந்து அடித்தது என்றாலும் முதுகை உடைத்தது இந்த நோய்தான். ஒரு பெட்டி ஏறக்குறைய 41 கிலோ. அவ்வளவு பணமும் ஆராய்ச்சிக்கூடமும் உள்ள ஊரில் வேர்ச்செடியை மட்டும் மாற்றி நிறுத்த முடிந்திருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பார்கள்.

அப்படியானால் வேர்ச்செடியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா? நிச்சயம் கவலைப்பட வேண்டும். சாத்துக்குடி மரம் இருபது வருடம் நிற்குமா எட்டே வருடத்தில் முடியுமா என்பதைப் பாதி தீர்மானிப்பது உங்கள் மண்ணும் வேர்ச்செடியும் ஒத்துப்போவதுதான். மண்ணிலேயே திணறுகிற மரம் நோய் வந்தால் சீக்கிரம் விழும்.

நம் சமவெளிக்கு நான் முதலில் சொல்வது ரங்கபூர் எலுமிச்சை. பெயரில் எலுமிச்சை இருந்தாலும் பழம் கமலா ஆரஞ்சு போலச் சிவந்திருக்கும், புளிப்பு பல்லைக் கூசும். வறட்சி தாங்கும், ட்ரிஸ்டீசாவைத் தாங்கும், சுண்ணாம்பு மண்ணிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆந்திரத்தில் சாத்துக்குடிக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். இதன் பலவீனம் அடியழுகலும் பிசின் வடிதலும். பாத்தி கட்டி அடிமரத்தில் தண்ணீர் நிற்க விட்டால் ரங்கபூர் மன்னிக்காது. அடிமரத்தைச் சுற்றி மண்ணை அணைத்து, தண்ணீர் மரத்தைத் தொடாதபடி வெளிவட்டத்தில் மட்டும் விட வேண்டும். சொட்டுநீர் என்றால் சொட்டானை அடிமரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

இன்னொன்று ஜம்பேரி. ரஃப் லெமன் என்றும் சொல்வார்கள். ஒட்டுக் கட்டுகிறவனுக்கு இதுபோலச் சுலபமான செடி கிடையாது. விதை நன்றாக முளைக்கும், சீக்கிரம் பென்சில் பருமன் வரும், ஒட்டு நன்றாகப் பிடிக்கும், மரமும் மடமடவென்று வளரும். நர்சரிக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் அதுதான். ஆனால் பழச்சாறு தண்ணீராக இருக்கும், இனிப்பு குறையும். ஈரம் தங்கும் மண்ணில் அழுகலும் நூற்புழுவும் வரும். செம்மண், மணல் கலந்த நிலம், தண்ணீர் வடியும் இடம் என்றால் வைக்கலாம். களிமண்ணுக்கு வேண்டாம்.

உங்களிடம் விற்க வந்தவர் சொன்ன புது வேர்ச்செடிக்கு மூன்று இலை சேர்ந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது ட்ரைஃபோலியேட் ஆரஞ்சு, அல்லது அதன் கலப்பான ட்ராயர், கரீசோ, ஸ்விங்கிள் போன்ற ஒன்று. கெட்ட செடிகள் அல்ல. அழுகலைத் தாங்கும், நூற்புழுவைத் தாங்கும், பழத்தின் தரமும் அருமை. ஆனால் சுண்ணாம்பு மண் இவற்றுக்கு ஆகவே ஆகாது. மேலூர், நத்தம், கொட்டாம்பட்டி வட்டாரத்தில் எத்தனையோ நிலங்களில் இரண்டடி தோண்டினால் சுக்கான் கல் வரும். அங்கே இந்தக் கன்றை வைத்தால் இரண்டாம் வருடமே இலை வெளுத்துவிடும். அதையும் கிரீனிங் என்று சொல்லி இன்னொருவர் இன்னொரு கன்று விற்பார். தோட்டத்தில் ஒரு அடி, இரண்டு அடி ஆழத்து மண்ணை எடுத்து அதில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. மண் பரிசோதனையில் பி.எச். 8-ஐத் தாண்டினாலும் இந்த மூன்றிலை வகையைத் தொடாதீர்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலை மண் புளிப்பு மண். அங்கே காப்பிக்கு நடுவில் கமலா ஆரஞ்சு வைக்கிறவர்கள் இவற்றை யோசிக்கலாம். மலைக்கு ஏற்றது அடிவாரத்துக்கும் ஏற்றது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, அவ்வளவுதான்.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கிளியோபாட்ரா என்ற கமலா வகை வேர்ச்செடி இருக்கிறது. உப்பையும் சுண்ணாம்பையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் காய்ப்புக்கு வர நாளாகும். புளிப்பு ஆரஞ்சை வேர்ச்செடியாக வைக்காதீர்கள், ட்ரிஸ்டீசா நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் நாட்டு எலுமிச்சை மரமே ட்ரிஸ்டீசாவுக்கு எளிதில் ஆட்படும். அதற்கு வேர்ச்செடி காப்பு இல்லை, நல்ல தாய்மரத்துக் கன்றுதான் காப்பு.

ரங்கபூரை இவ்வளவு புகழ்ந்தேன், அதன் மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். பிரேசிலின் சாவோ பாலோவில் பெரும்பாலான மரங்கள் ரங்கபூரிலேயே நின்றன. 2000-க்குப் பிறகு அங்கே திடீர்ச்சாவு என்று ஒரு நோய் பரவி, ரங்கபூரில் ஒட்டிய மரங்களைத்தான் தேடித் தேடி அடித்தது. திரும்பவும் வேர்ச்செடியை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு தோட்டம் முழுக்க ஒரே வேர்ச்செடி வைக்காமல் இரண்டு வகையாவது கலந்து வைப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது ஒட்டுக்கு வருகிறேன். வேர்ச்செடியை விதையிலிருந்து வளர்க்கிறோம். விதை வழியாக இந்த நோய் வருவதில்லை. மேலே ஒட்டும் கண் (தளிர்மொட்டு) இருக்கிறதே, அது வரும் தாய்மரத்தில் நோய் இருந்தால் கன்றிலும் இருக்கும். லின் 1956-ல் காட்டியது இதைத்தான். அதனால் நர்சரியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன வேர்ச்செடி?" என்பது கிடையாது. "கண் எந்த மரத்திலிருந்து எடுத்தீர்கள், அந்த மரத்தை நான் பார்க்கலாமா?" என்பதுதான். அந்த மரம் சோதிக்கப்பட்டதா, கன்று வளர்ந்த இடம் பூச்சி புகாத வலைக்கூடாரமா, திறந்தவெளியா? சாத்துக்குடிக் கன்றுகள் திறந்தவெளியில் எலுமிச்சை, கறிவேப்பிலை நாற்றுகளோடு தோளோடு தோள் நின்றால் தாய்மரம் சுத்தமாக இருந்தும் பயனில்லை. நான் முதலில் வைத்த 90 கன்றையும் லாரியில் வந்த விலை மலிவான கன்று என்று வாங்கினேன். தாய்மரம் எது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லவும் ஆள் இல்லை. ஏழாம் வருடம் 32 மரம் போயிருந்தது.

ஒட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்க வேண்டும். நடும்போது அதை மண்ணில் புதைத்துவிடாதீர்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்தை வாரம் ஒருமுறை கையால் கிள்ளிவிடுங்கள். கவனிக்காமல் விட்டால் வேர்ச்செடி மேலே வந்து, சாத்துக்குடி இருந்த இடத்தில் புளிப்புக் காய் காய்க்கும்.

உறுதியான மரங்களை என்ன செய்வது? வெட்ட வேண்டும். இதைச் சொல்ல எனக்கு மனம் வராது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். மஞ்சளடித்த கிளையை மட்டும் கழித்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பாக்டீரியா இலையில் தெரிவதற்கு முன்பே வேருக்கு இறங்கிவிடுகிறது. கிளையைக் கழித்தால் புதுத் துளிர் வரும், அந்தத் துளிரில் பூச்சி வந்து உட்காரும், நோயை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். என் தோட்டத்தில் முதலில் மூன்றே மரம்தான். காய் இருக்கிறதே, இந்த ஒரு போகம் எடுத்துவிட்டு வெட்டலாம் என்று இரண்டு வருடம் தள்ளினேன். அந்த மூன்றிலிருந்துதான் 32 ஆனது.

சிறுமலைக்காரர்களுக்கு இது புதிதில்லை. மலைவாழையில் முடிக்கொத்து நோய் வந்தபோது சிறுமலையிலும் கீழ்ப்பழனியிலும் பெரும்பகுதி அழிந்தது. அதைப் பரப்பியதும் ஒரு சாறு உறிஞ்சும் பூச்சிதான், அசுவினி. அதற்கும் மருந்து இல்லை. நோய்க் கட்டையைக் கிழங்கோடு தோண்டி அழித்து, வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றை வைத்துத்தான் விருப்பாச்சியும் சிறுமலை வாழையும் திரும்பி வந்தன. பெரியவர்களைக் கேட்டால் அந்தக் காலத்தில் ஒருவன் வெட்டாமல் விட்ட கட்டையால் பக்கத்துத் தோட்டக்காரன் அழுத கதையைச் சொல்வார்கள்.

வெட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் நாள் அந்த மரத்துக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு மறுநாள் வெட்டுங்கள். அப்படியே வெட்டினால் மரத்திலிருக்கும் சைலிட் எல்லாம் பறந்து நல்ல மரத்தில் ஏறும். அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிடுங்கள், விட்டால் துளிர்க்கும், அந்தத் துளிரிலும் நோய் இருக்கும். இந்தப் பாக்டீரியா மண்ணில் தங்குவதில்லை, அதனால் அதே குழியில் திரும்ப நடலாம். வேரில் அழுகல் இருந்திருந்தால் மட்டும் குழியை ஆறப்போட்டு நடுங்கள்.

மீதி 122 மரத்தைக் காப்பாற்றுவது பூச்சியைக் கவனிப்பதில் இருக்கிறது. சைலிட் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். பழுப்புத் திட்டு போட்ட இறக்கை. தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும், ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. முட்டை மஞ்சளாக, துளிர் விரியாத நுனியில் இருக்கும். குஞ்சுகள் வெள்ளை மெழுகு நூல் போலக் கழிவு விடும். ஒரு தாய்ப்பூச்சி எண்ணூறு முட்டை வரை இடும். அது முட்டையிடுவது துளிரில் மட்டுமே. ஆகவே உங்கள் காவல் நாள் கணக்கில் இல்லை, துளிர்க் கணக்கில் இருக்க வேண்டும். நமக்குச் சித்திரை வைகாசிக் கோடைமழைக்குப் பின் ஒரு துளிர், ஐப்பசி மழையோடு ஒரு துளிர். துளிர் அரை அங்குலம் இருக்கும்போது ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்துக் குச்சியால் மூன்று தட்டு தட்டுங்கள். விழுவதை எண்ணுங்கள். ஓர வரிசைகளில் முதலில் பாருங்கள், வெளியிலிருந்து வருவது அங்கேதான் முதலில் இறங்கும்.

குறைவாக இருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் அல்லது தோட்டக்கலைக்கான கனிம எண்ணெய் போதும், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். அதிகமாக இருந்தால் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்றவை கேட்கும். அளவை லேபிளில் உள்ளபடி வையுங்கள், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றி அடியுங்கள். பூ இருக்கும்போது இவற்றை அடிக்கவே கூடாது, தேனீ செத்துப்போகும். தமாரிக்ஸியா என்ற சிறு குளவி சைலிட் குஞ்சின் அடியில் முட்டையிட்டு அதைத் தின்று வளரும். 1922-லேயே பஞ்சாபின் லயால்பூர்ப் பகுதியில் (இன்று பாகிஸ்தானின் ஃபைசலாபாத்) கண்டு பெயர் வைத்தது, நம் மண்ணின் பூச்சி. குஞ்சு வெறுங்கூடாக, வட்ட ஓட்டையோடு இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். அந்த மரத்தில் மருந்தை நிறுத்திவையுங்கள். எறும்பு இந்தக் குளவியை விரட்டும், ஆகவே அடிமரத்தில் எறும்பு ஏறாமல் பாருங்கள்.

கறிவேப்பிலை இதே குடும்பத்து மரம். சைலிட்டுக்கு அது மிகவும் பிடிக்கும். கறிவேப்பிலையே இந்த நோய்க்கு இடம் கொடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, ஆனால் பூச்சியைப் பெருக்கிக் கொடுக்கும். கிணற்றடியில் இருக்கும் வீட்டு மரத்தை வெட்டச் சொல்ல மாட்டேன். துளிர் வரும்போது அடிக்கடி ஒடித்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மரத்துக்கு மட்டும் விஷ மருந்து அடித்துவிடாதீர்கள், நாம் தின்கிற இலை. நர்சரிகளில் காமினி என்று விற்கும் வெள்ளைப்பூச் செடி இருந்தால் அதை எடுத்துவிடலாம். அது பூச்சிக்கும் வீடு, நோய்க்கும் வீடு.

கொய்யாவை ஊடே வைத்தால் பூச்சி வராது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வியட்நாமின் மேகாங் ஆற்றுப் படுகை விவசாயிகள் கண்டுபிடித்தது அது. கொய்யா இலையின் வாடை சைலிட்டுக்கு ஆகாது. வேறு நாடுகளில் செய்துபார்த்ததில் பலன் அந்த அளவுக்கு வரவில்லை. ஆயக்குடிக் கொய்யா நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வருமானமும் வரும். வைப்பதானால் சாத்துக்குடிக்கு ஒரு வருடம் முன்பே வையுங்கள், ஆனால் பூச்சி பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

மரத்துக்குள் ஊசி போட்டு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை ஏற்றினால் குணமாகும் என்று ஒரு பேச்சும் உங்கள் காதுக்கு வரும். ஃபுளோரிடாவில் 2022-ல் அதே வகை மருந்தை மரத்தில் செலுத்த அனுமதித்தார்கள். காய்ப்பு கூடுகிறது, ஆனால் நோய் போவதில்லை, திரும்பத் திரும்பப் போட வேண்டும். மனிதருக்குத் தரும் மருந்தைத் தோட்டத்தில் கொட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. சத்துக் கொடுப்பது வேறு. துத்தநாகம், மாங்கனீசு, போரான் மூன்றையும் ஒவ்வொரு துளிருக்கும் தெளித்தால் நல்ல மரம் நன்றாக நிற்கும். நோய் மரத்தையும் அது கொஞ்ச நாள் பச்சையாகக் காட்டும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து, அந்தப் பச்சையைப் பார்த்து வெட்டாமல் விட்டுவிடுவோம்.

அதனால் இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இது. தோட்டத்தின் வரைபடம் ஒன்று போட்டு, பதினெட்டு மரமும் எங்கெங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். ஓரத்தில் கூட்டமாக இருந்தால் வெளியிலிருந்து பூச்சி கொண்டுவந்திருக்கலாம், பக்கத்துத் தோட்டக்காரரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். தோட்டம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கன்றிலேயே வந்திருக்கலாம். தாழ்வான, தண்ணீர் நிற்கும் பக்கமாக மட்டும் இருந்தால் கிரீனிங்காகவே இல்லாமலும் போகலாம், அப்போது அடிமரத்தில் பட்டையைக் கீறிப் பிசினும் அழுகலும் இருக்கிறதா என்று பாருங்கள். பேனா வட்டம் போட்ட இலைகள், நெடுக்காக அறுத்த பழங்கள், அந்த வரைபடம் மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள். பார்த்துவிட்டு எந்த மரத்து இலையை ஒத்தக்கடைக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்கிறேன்.